பொது மருத்துவம்: புது மருந்துகள், பழைய சங்கடங்கள்

கேள்வி: அம்மாவுக்கு இதயம் பலவீனம், மூச்சு வாங்குகிறது. சர்க்கரையே இல்லாதவருக்கு டாக்டர் டபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார். அது சர்க்கரை மாத்திரை ஆயிற்றே?

பதில்: தவறில்லை. சர்க்கரைக்கென்று வந்த மாத்திரைதான். ஆனால் சர்க்கரை இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2019-இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாத நாளில் மட்டும் டாக்டரைக் கேட்டு நிறுத்திவையுங்கள். சீட்டு எழுதும்போதே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: எடை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசி மாரடைப்பை 20 சதவீதம் குறைக்கிறதாமே? எனக்கு எடை மட்டும்தான் அதிகம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அந்த 20 சதவீதம் 2023-இல் வெளியான செலக்ட் ஆய்வின் கணக்கு. அதில் இருந்த 17,604 பேரும் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக்குழாய் அடைப்போ உள்ளவர்கள். சுமார் மூன்றேகால் வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 1000-க்கு 80 பேருக்கும் மருந்து போட்டவர்களில் 65 பேருக்கும் வந்தது. அதாவது 15 பேர் தப்பினார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. '20 சதவீதம்' என்று மட்டும் சொல்லி ஊசியை எழுதுவதை நான் சம்மதம் வாங்கியதாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், நிறுத்தினால் என்ன ஆகும்? இன்னொரு ஆய்வில், நிறுத்திய ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எத்தனை வருடம் தொடர முடியும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இதய நோய் எதுவும் இல்லை. முன்னெச்சரிக்கையாக தினமும் ஆஸ்பிரின் போடுகிறார்.

பதில்: அந்த வயதில் புதிதாகத் தொடங்க நான் சொல்ல மாட்டேன். 2018-இல் வந்த ஆய்வில் பலன் தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: மாமாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சினோம். தவறா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஒருமுறை மகன் மருந்து வாங்கக் கீழே போன ஐந்து நிமிடத்தில், ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கீமோ வார்டு என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது டாக்டர். எனக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து, பேச வேண்டியதைப் பேசாமலே அவர்களுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று டாக்டர் அவரையே கேட்கட்டும். "வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் சரி, அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் நேராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சொல்லும் நோய்க்கணிப்பை நம்பலாமா?

பதில்: யாருடைய தரவில் பழகியது என்று முதலில் கேட்பேன். விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே பாருங்கள். தோல் நிறம் மாறினால் அதன் கணக்கும் தவறுகிறது. அது 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் ஆக்ஸிஜன் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 சதவீதம், வெள்ளையர்களில் சுமார் 4 சதவீதம் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அத்தனை வருடம் புழங்கிய கருவியிலேயே இப்படி! மூச்சு வாங்கினால், கருவி 95 காட்டினாலும் உடனே கிளம்பி வந்துவிடுங்கள்.