தொண்ணூற்றைந்து இடங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டில் எல்லாரும் நர்சிங் என்கிறார்கள். ‘தமிழ் படிச்சிட்டு என்ன, வில்லுப்பாட்டு பாடப் போறாளா?’ என்கிறான் என் தம்பி. நம் பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே பெரிய படிப்புக்குத் திருவனந்தபுரம்தானே போனார்கள்? மொழி, இலக்கியம் என்று ஒரு கல்லூரி இந்த மண்ணில் என்றைக்கு இருந்தது? எனக்குத் தடுமாற்றமாக இருக்கிறது.

ம., குழித்துறை

அன்புள்ள ம.,

இருந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. புதுக்கடை தாண்டிப் பார்த்திவபுரம் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் அங்கே பெருமாளுக்குக் கோயில் எடுத்தபோது கூடவே ஒரு சாலையும் வைத்தான். நாம் பஸ் ஓட்டும் சாலை இல்லை, கல்விச்சாலை. ‘காந்தளூர் மரியாதையால்’, அதாவது காந்தளூரில் இருந்த கல்விச்சாலையின் முறைப்படி, தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு என்கிறது செப்பேடு. சட்டர் என்றால் மாணவர். இடங்களைப் பிரித்த கணக்குகூட இருக்கிறது: 45, 36, 14. அன்றைக்கே கோட்டாதான். மூன்றுமே வேதக் கிளைகளுக்கு. உங்கள் வீட்டிலிருந்தோ என் வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளை உள்ளே போயிருக்க முடியாது. பெண்பிள்ளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் சேர வந்தவனிடம் என்ன கேட்டார்கள் என்பதைப் பாருங்கள். வியாகரணம், அதாவது இலக்கணம், தெரிய வேண்டும். மூன்று அரசுகளின் விவகாரங்களுக்கு வேண்டிய தேர்ச்சியும் வேண்டும். இலக்கணமும் ராஜ்ய காரியமும் ஒரே தகுதிப் பட்டியலில். மொழி படித்தவன் ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்ற பேச்சு நமக்குப் பிற்பாடு வந்த வியாதி. (சண்டை போட்டால் அபராதம், சபைக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்றும் விதி உண்டு. ஹாஸ்டல் என்றைக்கும் ஹாஸ்டல்தான்.)

திருவனந்தபுரம் விஷயம் உண்மை. 1956 வரை நம் குமரிப் பகுதி திருவிதாங்கூரோடுதானே இருந்தது. அங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர்தான் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. நாம் பள்ளியில் பாடிய ‘நீராருங் கடலுடுத்த’ ஒரு தத்துவ வாத்தியார் எழுதியது. நம் கல்லூரிகள் இன்றைக்கு அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கின்றன. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளியில் மலையாளம் படித்து, தமிழை ஒரு மடத்துத் தம்பிரானிடம் கற்றவர். குழந்தைப் பாட்டு எழுதிய அதே மனிதர் கல்வெட்டுகளிலும் இறங்கி, காந்தளூர்ச்சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதினார்.

இதனால்தான் மகளைச் சேர்க்கச் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மூன்று வருஷமும் நோட்ஸ் மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதானால் உங்கள் தம்பி சொல்வதே சரி, நர்சிங் மேல். அப்படிப் பட்டம் வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவள் தமிழோடு மலையாளத்தைப் பிழையில்லாமல் எழுதப் படிக்கட்டும். உங்கள் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதி மலையாளம் காதிலேயே இருக்கிறது, எழுத்துதான் பாக்கி. பழைய காலத்து வட்டெழுத்தையும் படிக்கப் பழகட்டும். நம் கோயில் சுவர்களில் அது ஏராளம். தடவிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் அதன் பிறகு எப்படியும் இருக்கிறது.

உங்கள் தம்பி கேலியாகச் சொன்னாலும் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். கோயில் கொடை விழாவில் புலவர் வில்லுப்பாட்டாகப் பாடுகிற கதையில் பாதி இன்னும் ஏட்டிலும் பழைய நோட்டிலும்தான் கிடக்கிறது. அதைப் பெயர்த்தெழுத ஆள் வேண்டும்.

நாகர்கோவில் ஸ்காட் கல்லூரியிலும் விண்ணப்பம் போடுங்கள், இந்துக் கல்லூரியிலும் போடுங்கள். கடைசித் தேதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.