நம்பியார் அல்ல, ராதா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் ஒரு வாக்குவாதம். எம்.ஜி.ஆருக்குச் சரியான எதிரி யார்? அப்பா நம்பியார் என்கிறார், மாமா கலைஞர் என்கிறார். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னொன்று, இப்போதைய வில்லன்களைப் பார்த்தால் பயமே வருவதில்லையே, ஏன்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இருவரும் ஒருவரை மறந்துவிட்டார்கள். எம்.ஆர்.ராதா. திரையில், அரசியலில், கடைசியில் கோர்ட்டிலும் எம்.ஜி.ஆருக்கு எதிரே நின்றவர். கலைஞர் கதை வேறு. அது கூட்டாளிகளின் பிரிவு, ஒரு கடிதத்தில் அடங்காது.

நம்பியார் கையைப் பிசைவார், கண்ணை உருட்டுவார், கடைசியில் அடிவாங்குவார். அது தெரிந்துதானே டிக்கெட் எடுத்தோம்? ராதாவிடம் அந்த நிச்சயம் கிடையாது. கீச்சுக்குரலில் தொடங்கிய வசனம் உறுமலில் முடியும். 'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரம் குஷ்டம் பிடித்துத் தெருவுக்கு வந்த பிறகும் நக்கலை விடுவதில்லை. கெட்டவன்தான், ஆனால் கைதட்டல் அவனுக்கு. இன்றைய வில்லனுக்கு ஆள்பலமும் ஹெலிகாப்டரும் தருகிறார்கள், வாயைத் தருவதில்லை.

மேடையில் அவர் இன்னும் ஆபத்தானவர். மனம் புண்படும் என்பவர்கள் என் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்வார். கூட்டம் அதற்கே வரும். 1954இல் மாநில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, அது யாருக்காக என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நடிகனுக்காகச் சட்டசபை மெனக்கெட்டது என்றால் பாருங்கள்.

1967 ஜனவரி 12 மாலை, ராதா தயாரிப்பாளர் வாசுவோடு ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். வாசு தயாரித்து இருவரும் நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்தல் நேரம் வேறு. எம்.ஜி.ஆர் தி.மு.க. வேட்பாளர், பெரியாரின் ஆளான ராதா காமராஜர் பக்கம். பேச்சு எப்படி முற்றியது என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு கதை. ஒரு குண்டு எம்.ஜி.ஆரின் காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதா உடம்பிலும் குண்டு. இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல வருஷம் கிடந்து வீரியம் இழந்தவை என்பது பிறகு தெரியவந்தது.

முதலில் சுட்டது எம்.ஜி.ஆர் என்றது ராதா தரப்பு. அவரைச் சுட்டுவிட்டு ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் அரசுத் தரப்பை ஏற்று 7 ஆண்டு கொடுத்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது.

இதில் என்னை உறுத்துவது, அவர் தன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவர் ஆயுதத்தை எடுத்தது. வாயால் அடித்தவரை மடக்க அரசாங்கத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது. துப்பாக்கியால் அடித்தவர், நம்பியார் ஏற்ற பாத்திரங்களைப்போல, நாயகனை ஜெயிக்க வைத்துவிட்டுப் போனார். கழுத்துக்கட்டோடு எம்.ஜி.ஆர் இருக்கும் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் ஓட்டுக் கேட்கப் போகாமலே ஜெயித்தார். விருதுநகரில் காமராஜரே தோற்றார். (அரிசித் தட்டுப்பாட்டையும் இந்தி எதிர்ப்பையும் மறந்து, எல்லாம் துப்பாக்கியால் வந்தது என்பது சினிமாக்காரர் கணக்கு.)

ஆனாலும் ராதா எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. எம்.ஜி.ஆரின் குரல். அதே வருஷம் வந்த 'காவல்கார'னில் அது குழறிக் கேட்டது. வேறு ஆளை வைத்துப் பேசவைத்திருக்கலாம், அவர் சம்மதிக்கவில்லை. என் சித்தப்பா முதல் வாரமே பார்த்தவர். அந்தக் குரல் வந்ததும் விசில் நின்றுபோய், தரை டிக்கெட்டில் பெண்கள் அழுதார்கள் என்பார்.

ராதா 1979 செப்டம்பர் 17இல் இறந்தார். அன்று பெரியாருக்கு நூறாவது பிறந்தநாள். கோட்டையில் முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர்.

அப்பாவிடம் 'ரத்தக்கண்ணீர்' போட்டுக் காட்டுங்கள். மாமாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.