மலைக்காட்டில் குழந்தையின் நடைதான் கணக்கு: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

பதினெட்டு ஆண்டுகளாகக் குழந்தைகளை மலைக்காடுகளுக்கு அழைத்துப் போகிறேன். முதலில் என் இரண்டு பிள்ளைகள், பிறகு உறவினர், நண்பர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறை நெருங்குவதால் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள்.

கேள்வி: மூன்று நாள் பயணம். அருவி, ஏரி, காட்சிமுனைகள் என்று ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. எந்த வரிசையில் போகலாம், அக்கா?

வரிசையை விடுங்கள், முதலில் நான்கு இடங்களை அடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதையும் காலையில் பார்த்துவிட்டு, பிற்பகலை ஒன்றும் எழுதாமல் விட்டுவைக்க வேண்டும். வளைந்து ஏறும் பாதையில் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஏழு இடங்களையும் பார்க்கக் கிளம்பினால் பிள்ளைகள் காரின் பின்னிருக்கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

என் முதல் பயணத்தில் நானும் இப்படித்தான் ஐந்து இடங்களை எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மழையால் எங்கும் போக முடியவில்லை. மழை விட்டதும் விடுதிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே மகளும் மகனும் போய் உட்கார்ந்தார்கள். பட்டை உரிந்த இடத்தில் யாரோ உளியால் செதுக்கியதுபோல் கோடுகள். நடுவில் ஒரு நீண்ட கோடு, அதன் இருபுறமும் சீப்புப் பற்களைப்போல் மெல்லிய கிளைக்கோடுகள். பட்டை வண்டு செய்த வேலை அது. தாய் வண்டு நடுக்கோட்டைக் குடைந்துகொண்டே முட்டையிடும். பொரிந்த புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகும். புழு வளர வளர அதன் பாதையும் அகலும். எந்தப் புழு எதுவரை போனது என்று விரலால் தொட்டுக்கொண்டே இருவரும் இரண்டு மணி நேரம் அங்கிருந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் இடங்களின் பட்டியல் போடுவதையே விட்டுவிட்டேன்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுகளில் என் மகன் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கிறான். எட்டு வயது.

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். வளர வளரக் குறைந்துவிடும். உள்காது வண்டி திரும்புவதை உணர்கிறது. கண்ணோ கையிலுள்ள புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்து எல்லாம் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டுகிறது. ஆகவே மலையேறும்போது புத்தகமும் திரையும் வேண்டாம். தொலைவில் தெரியும் மலைமுகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டு, வண்டி ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்டல் தொடங்கியபின் கொடுத்துப் பெரும்பாலும் பயன் இருக்காது. அரை மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை.

கேள்வி: பத்து மாதக் கைக்குழந்தையை அழைத்துப் போகலாமா?

நடுத்தர உயரமுள்ள மலைகளுக்குத் தாராளமாகப் போகலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும்; அந்த நேரத்தில் பால் கொடுங்கள், விழுங்கும்போது அடைப்பு விட்டுவிடும். 2,500 மீட்டருக்கு மேல் தங்குவதானால் மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை வலித்தாலும் அதைக் கைக்குழந்தையால் சொல்ல முடியாது. காரணமில்லாத அழுகை, பால் மறுத்தல், வாந்தி, தூக்கமின்மை ஆகியவைதான் அடையாளம். இவை தெரிந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை ஸ்வெட்டர் எடுத்து வைப்பது?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். அடிவாரத்தில் முப்பது டிகிரி என்றால் அங்கிருந்து 2,000 மீட்டர் ஏறியதும் பதினெட்டு. இரவில் இன்னும் கீழே போகும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது மாட்டலாம். பருத்தி நனைந்தால் உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும், காயவும் நேரமாகும். அதனால் நடைக்குப் போகும்போதெல்லாம் பையில் ஒரு மாற்றுச் சட்டையும் இரண்டு ஜோடி காலுறையும் இருக்கட்டும். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும், தொப்பி கட்டாயம்.

கேள்வி: அட்டை என்றாலே என் மகள் அலறுகிறாள். நானும்தான்.

அட்டை கடித்தால் வலிக்காது. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால், விழுந்த பிறகும் சிறிது நேரம் கசியும். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனையில்தான் வாய் இருக்கும். அதனடியில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள், பிடி விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவிச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

உண்ணி வேறு, அது நோய் பரப்பக்கூடியது. நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் குழந்தையின் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளை வழி தவறிவிட்டால்? இந்த ஒரு பயத்தாலேயே காட்டுப்பக்கம் போகாமல் இருக்கிறோம்.

பயத்தை வைத்துக்கொண்டே போகலாம், பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். "அம்மாவைக் காணோம் என்று தெரிந்த நொடியே நில். பக்கத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள். மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று முறை ஊது." மூன்று முறை ஊதுவது பல நாடுகளில் உதவி கேட்கும் அடையாளம். தேடிப் போகும் பிள்ளைதான் தொலைவாகப் போய்விடுகிறது; நிற்கும் பிள்ளை விரைவில் கிடைத்துவிடும். வீட்டில் சொன்னால் மட்டும் போதாது, காட்டின் ஓரத்தில் ஒரு முறை நடித்துப் பார்க்க வேண்டும். "தொலைந்ததற்குத் திட்ட மாட்டேன்" என்றும் சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து, கூப்பிடும் குரல் கேட்டும் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு.

நடையில் முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். பல காட்டு விலங்குகள் அதிகாலையிலும் அந்தியிலும்தான் நடமாடும். மலைச்சரிவில் பொழுதும் சீக்கிரம் சாயும். நாலரை மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா? கைபேசியைத்தான் கேட்பார்கள்.

முதல் அரை மணி நேரம் கேட்பார்கள். கைபேசிக்குப் பதில் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுங்கள். பாறையில் கருகிப்போனதுபோல் காய்ந்து கிடக்கும் பாசிமெத்தை இருந்தால், புட்டியிலிருந்து சில சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சுருண்டிருந்த நுண்ணிலைகளில் பலவும் சில நிமிடங்களில் விரிந்து பச்சையாகிவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அசைவதே தெரியும். ஒரு பையன் எட்டுப் பாறைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, குடிக்க ஒன்றுமில்லை என்று என்னிடம் வந்து நின்றான். அதனால் கூடுதலாக ஒரு புட்டி எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

கேள்வி: எழுபது வயது மாமியாரும் வருகிறார். அதிகம் நடக்க முடியாது.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே, வாசலில் இறங்கினால் மரம் தெரியும் இடமாகப் பாருங்கள். காலை நடைக்கு நீங்கள் பெரிய பிள்ளையோடு போங்கள். சின்னவள் பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை விதமான பறவைக் குரல் கேட்கிறது என்று எண்ணட்டும். திரும்பி வந்ததும் அவர்கள் கணக்கை முதலில் கேளுங்கள்.