கால்சியம் மாத்திரை இருக்கட்டும், மாதவிடாய் ஏன் நின்றது?

கேள்வி: வயது 21. மூன்று மாதத்தில் ராணுவப் பயிற்சியில் சேரப் போகிறேன். எடையைக் குறைத்து, தினமும் ஓடுகிறேன். நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. கடும் பயிற்சியில் அது சகஜம் என்கிறார்கள். பயிற்சியில் பெண்களுக்கு எலும்பு விரிசல் அதிகமாமே, கால்சியம் மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: போதாது. சகஜம் என்று சொன்னவர்களை நம்பவும் வேண்டாம். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு கோளாறு, பிசிஓஎஸ் என்னும் சினைப்பை ஹார்மோன் கோளாறு எதுவும் இல்லை என்றால், ஓடும் அளவுக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்றே நினைப்பேன். உணவு போதாதபோது உடல் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைக் குறைத்துவிடும். அது குறைந்தால் எலும்பு கரைவது கூடும். கருத்தடை மாத்திரை போட்டு ரத்தப்போக்கை வரவழைப்பது தீர்வல்ல. பிரச்சினை மறையுமே தவிர எலும்பு தேறாது. வயிறாரச் சாப்பிடுங்கள், எடை கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை.

பாரம் கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழையதை அரித்தெடுக்கச் சில வாரம், புதியது கட்டி முடிய சுமார் மூன்று மாதம். இந்த இடைவெளியில்தான் விரிசல் விழுகிறது. உடல் தயாராகாமல் வந்து சேர்பவர்கள் அதிகம் மாட்டுவதும் இதனால்தான். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பூட்ஸையும் முதுகுச் சுமையையும் இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, நடை. உயரமான ஆண்களுக்கு ஈடாகக் கால்களை எட்டிப்போட்டு அணிவகுத்தால் இடுப்பெலும்பின் முன்பகுதியில் இழுவிசை விழும். ஆஸ்திரேலிய ராணுவம் அணிவகுப்பு வேகத்தைக் குறைத்து, அவரவர் அடியளவில் நடக்கவிட்டது. ஓட்ட முறையையும் மாற்றியது. பெண்களின் இடுப்பெலும்பு விரிசல்கள் வெகுவாகக் குறைந்தன. குள்ளமானவர்களை முன்வரிசையில் விடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

சரி, கால்சியம். அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், தினமும் 2000 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு விரிசல் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் சாப்பாட்டுக் குறையை அது ஈடுகட்டாது. உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை ரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லட்டும்.

பயிற்சியில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் எம்ஆர்ஐ கேளுங்கள். தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். அது தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகலான பகுதியில், விழுந்த விரிசலாக இருக்கலாம். முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சைதான்.