கடைக்குட்டிக்குப் பண்ணை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் லங்காஸ்டரில், குதிரை வண்டியும் ஏருமாகப் பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களைப் பார்க்கப் போன பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஒன்பது வருடமாகப் பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். ஆமிஷ் சந்தையில் காய்கறி வாங்குவதோடு சரி, அவர்களோடு உட்கார்ந்து பேசியதில்லை. பண்ணை பெரும்பாலும் கடைசி மகனுக்குப் போகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. 21 வயது வரை அப்பாவோடு ஏர் ஓட்டி, வெளியே சம்பாதித்தாலும் வீட்டில் கொடுத்துவிட்டு, மூத்தவன் வெறுங்கையோடு போவதா? பெண்களுக்கு என்ன கிடைக்கும்? நிலம் அவர்களின் திருச்சபைக்குத்தான் சொந்தம் என்கிறார் என் அலுவலக நண்பர். அது உண்மையா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வரியில் கடந்தது என் தவறுதான்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னது. அவர் ஹட்டரைட்டுகளை நினைத்துக்கொண்டு சொல்கிறார். வயது வந்த பிறகே ஞானஸ்நானம் என்று கொண்ட 16ஆம் நூற்றாண்டின் அனபாப்டிஸ்ட் மரபில், ஆமிஷ்களைப் போலவே வந்த இன்னொரு கிளை அவர்கள். காலனி அமைத்து, நிலத்தையும் உழைப்பையும் பொதுவில் வைத்துக்கொள்கிறவர்கள். ஆமிஷ்களிடம் நிலம் தனிச்சொத்து. பெரும்பாலும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் பதிவாகியிருக்கும். வக்கீலிடம் போய் உயிலும் எழுதுவார்கள். ஆனால் பங்குக்காக அண்ணன் தம்பிகள் கோர்ட் ஏறுவது அவர்கள் மதத்தில் ஆகாது. அதனால் சண்டை வராதபடி அப்பா உயிரோடு இருக்கும்போதே விஷயத்தை முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

இப்போது கடைக்குட்டி. அவனுக்குப் பண்ணை சும்மா கிடைப்பதில்லை, அதை அவன் விலை கொடுத்து வாங்குகிறான். அப்பாவும் அம்மாவும் விற்கிறார்கள், மகன் அடமானக் கடன் எழுதிக்கொடுத்துத் தவணை கட்டுகிறான். அவனுக்குக் கிடைக்கும் சலுகை என்பது அந்த விலையில்தான். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். 60 ஏக்கர் பண்ணை, ஏக்கர் 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் சந்தை விலை 12 லட்சம். நாற்பது மாடு கறந்து, சோளமும் புல்லும் போட்டு அந்தக் கடனை அடைக்க முடியாது. அதனால் அப்பா 6 லட்சத்துக்குக் கொடுக்கிறார். தவணைப் பணத்தில் பெற்றோர் வாழ்கிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு மூன்றரை லட்சம் பாக்கி நிற்கிறது, பிள்ளைகள் ஏழு பேர் என்றால், ஆளுக்கு 50,000. பெண்களுக்கும் அதே பங்குதான். கடைக்குட்டியின் 50,000 அவன் கடனிலேயே கழிந்துவிடும். மற்ற ஆறு பேருக்கும் அவன் பணம் தர வேண்டும். வீட்டுக்கு வீடு விவரம் மாறும், சில வீடுகளில் வாங்குகிறவர் மருமகனாகவும் இருப்பார். ஆனால் ஒருவருக்கு நிலம், எல்லோருக்கும் பணம் என்ற அமைப்பு இதுதான்.

அந்தத் தவணை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அவர்களுக்கு வேண்டாம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளும் சபையும் செய்ய வேண்டிய கடமை, அதை அரசிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1961இல் அந்த ஓய்வூதியத்துக்கான வரியைக் கட்ட மறுத்த மேற்குப் பென்சில்வேனியா விவசாயி ஒருவரின் மூன்று குதிரைகளை, அவர் உழுதுகொண்டிருந்தபோதே வரி அதிகாரிகள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். நாடே அதைப் பேசியது. 1965இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த வரியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மகன் கட்டும் தவணைதான் அவர்களுக்கு ஓய்வூதியம்.

மூத்தவனை விட்டுக் கடைசி மகனுக்கு ஏன் என்பதையும் சொல்கிறேன். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 வயதில் கல்யாணம், 23இல் முதல் பையன், 40இல் கடைசிப் பையன். கடைசிப் பையன் கல்யாண வயதுக்கு வரும்போதுதான் அப்பாவுக்கு 60 தாண்டும், ஓய்வு எடுக்கலாம் என்று தோன்றும். மூத்தவனுக்கு அப்போது 40 வயது நெருங்கியிருக்கும். எங்கோ குடியேறி அவன் பிள்ளைகளே ஏர் பிடிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவன் 21 வரை வீட்டுக்குக் கொடுத்ததற்கு ஈடாக, அவன் முதல் பண்ணை வாங்கும்போது முன்பணத்துக்கு அப்பா கைகொடுப்பார். வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதில்லை. முடிந்த வரைக்கும், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

லங்காஸ்டரில் லியோலா என்ற ஊர்ப் பக்கம் நான் பார்த்த வீட்டைப் பற்றி அந்தப் பயணக் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிட்டேன். பெரிய வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு, அதை ஒட்டி இன்னும் சின்னதாக ஒன்று. மூன்று கூரையும் படிப்படியாக இறங்கும். பெரியதில் மகன் குடும்பம், அடுத்ததில் பெற்றோர், கடைசியில் மகனுடைய பாட்டி. குரோஸ்டாடி ஹவுஸ், தாத்தா வீடு என்று அதற்குப் பெயர். நான் போனது திங்கட்கிழமை, அவர்கள் துணி துவைக்கும் நாள். வாசலிலிருந்து களஞ்சியத்து உச்சி வரை கப்பியில் இழுத்துக் கட்டிய கொடியில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகக் கால்சட்டைகள், ஊதா, பச்சை கவுன்கள். பாட்டி வீட்டுக் கொடியில் நான்கே நான்கு துணி. சமையல் தனி, வாசல் தனி; ஆனால் ராத்திரி இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும் தூரம்தான். அங்கே இருந்த பெரியவரிடம் விலையை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். பால் காசில் எவ்வளவு கட்ட முடியும் என்று மகனையே எழுதிக்கொண்டு வரச் சொன்னாராம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்தக் காகிதம்தான். நிலத்தின் விலையை அதன் விளைச்சலோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அடுக்குமாடி கட்டுகிறவன் தருகிற விலை அந்தப் பேச்சில் வருவதில்லை. ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு எட்டரை ஏக்கர். அதில் மாடு வைத்துப் பிழைக்க முடியாது. அவர்களின் முன்னோர் ஐரோப்பாவில் பல இடங்களில் நிலம் வாங்க உரிமையில்லாமல் குத்தகைக்கு உழுதவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா வந்து நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கினார்கள், இரண்டாக மூன்றாகப் பிரித்தும் பார்த்தார்கள். பிரிக்க இனி இடமில்லை என்ற நிலை வந்த பிறகு, பிள்ளைகள் வேறு ஊர்களுக்குக் கிளம்பினார்கள்.

1900இல் வட அமெரிக்காவில் ஆமிஷ்கள் சுமார் 6,000 பேர். இன்று 4 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். லங்காஸ்டர் மண் அவ்வளவு பேரைத் தாங்காது. பலர் தச்சுப் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். விவசாயத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்று சிறுபான்மை. 1988இல் தொடங்கிய லங்காஸ்டர் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் என்ற தனியார் அறக்கட்டளை, அரசுப் பணம் வாங்கத் தயங்கும் ஆமிஷ்களோடு பேசி, நிலத்தில் இனி வீட்டுமனை போடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதவைக்கிறது. அப்படி எழுதினால் மனை விலை போய் விவசாய விலை நிற்கும், அடுத்த மகனுக்கும் அது கட்டுப்படியாகும். 2012 முதல் பென்சில்வேனியா, குடும்பத்துக்குள் கைமாறும் பண்ணைகளுக்கு வாரிசு வரியில் விலக்கும் தருகிறது, ஏழு ஆண்டுகள் விவசாயத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

உங்கள் உறுத்தல் வீண் என்று சொல்ல மாட்டேன். 12 லட்சம் சொத்தை 6 லட்சத்துக்குத் தம்பி வாங்கும்போது, அக்காவின் பங்கும் அதில் குறைகிறது. தம்பியோ அவன் பிள்ளையோ ஒருநாள் சந்தை விலைக்கு விற்றுவிட்டால், அவள் விட்டுக்கொடுத்தது அவர்கள் கைக்குப் போய்விடும். இன்னொன்று இன்னும் கடினமானது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையைவிட்டு விலகியவனோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று கண்டிப்பான சபைகளில் விதி உண்டு. அவனுக்கு அப்பா பண்ணையை எப்படி விற்பார்? நிலம் வேண்டுமென்றால் சபையில் இருந்தாக வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, கூட்டம் குறைவாக இருந்தால், காய்கறி விற்கும் அம்மாவிடம் கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முகம் மலரும். கென்டக்கி, விஸ்கான்சின், நியூயார்க் என்று வரிசையாகச் சொல்வார்கள். அப்புறம், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்