மெக்கன்சி திரட்டினார், சரி. எழுதி வைத்தது யார்?

கேள்வி: காலின் மெக்கன்சி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வந்திராவிட்டால் தென்னிந்தியச் சரித்திரமே கரையானுக்குப் போயிருக்கும். நம்மவர்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். அவர் ஆங்கிலேயர் அல்ல. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். 1783-இல் சென்னைக்கு வந்து கும்பினிப் படையில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். பிறகு அதன் பொறியாளர் பிரிவுக்கு மாறினார். திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை அளந்தார். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் தலைவர் ஆனார். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் சுவடியும் கல்வெட்டும் தேடினார். சொந்தப் பணத்தையும் கொட்டினார். 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள். இதை யார் மறுக்கப் போகிறார்கள்?

ஆனால் அந்தச் சுவடிகளை அவரால் படிக்க முடியாது. இந்திய மொழிகள் தெரியாததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய், ஊர்க் கணக்கரான கர்ணத்திடமும் கோயில்காரரிடமும் பேசி, கேட்டு வாங்கி, படியெடுத்து, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா, இன்னும் பல பண்டிதர்கள். இந்திய அறிவுலகின் வாசலைத் தனக்குத் திறந்துவிட்டவர் போரையாதான் என்று மெக்கன்சியே நன்றியோடு எழுதினார். 1816-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த படத்தைப் பாருங்கள். சிவப்புச் சீருடையில் மெக்கன்சி. பக்கத்தில் ஓலைச்சுவடியோடு ஒரு சமணப் பண்டிதர், தொலைநோக்கியோடு ஒரு சேவகர். தனியாக நிற்க அவரே நினைக்கவில்லை. நாம் ஏன் அவரைத் தனியாக நிறுத்த வேண்டும்?

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியம். அத்தனை ஆயிரம் ஏடுகள் அவர் கைக்கு எங்கிருந்து வந்தன? கிராமத்துக் கணக்கர் வீட்டிலிருந்தும் கோயில்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் வந்தன. தலைமுறை தலைமுறையாக எழுதி, நைந்த ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்து வைத்த குடும்பங்களைப் பார்த்து, வரலாற்று உணர்வு இல்லை என்கிறீர்கள். கொங்கு நாட்டு அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 'கொங்குதேச ராஜாக்கள்' அந்தத் திரட்டில் உள்ள தமிழ் நூல்தானே?

அப்புறம் ஒன்று. 1821-இல் மெக்கன்சி இறந்ததும் அவர் மனைவியிடமிருந்து கும்பினி ஒரு லட்ச ரூபாய்க்குத் திரட்டை வாங்கிக்கொண்டது. பிற்பாடு, அந்த வேலையைத் தொடர்ந்து நடத்துகிறேன் என்று லட்சுமையா விண்ணப்பித்தார். அதை ஆராய்ந்த கல்கத்தா ஆசியக் கழகம் என்ற அறிஞர் சங்கம், இந்தியர் ஒருவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த வேலையைச் செய்து வந்தவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள்.