அரச அலுவலகங்களில் சாமிப் படம் வைப்பதும் பூசை செய்வதும் சரியா? இலங்கை மதச்சார்பற்ற நாடுதானே?

இல்லை, மதச்சார்பற்ற நாடு அல்ல. சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று மறித்து வைத்திருந்தது. 1972 யாப்பில் அது போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. தன் மதத்தைப் பொது இடத்திலும் கடைப்பிடிக்கும் உரிமையை 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் தருகிறது. சட்டம் அவ்வளவுதான்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் அரச கந்தோர் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சந்தியில் திடீரென்று புத்தர் சிலை முளைத்தால் கொதிக்கிற ஆட்கள்தான் நாங்கள். ஆனால் நவராத்திரி வாணி விழா வந்தால் கந்தோரே கோயிலாகிவிடும்.

ஒரு வருசம் காசு சேர்த்தது நான். தலைக்கு ஐந்நூறு. முஸ்லிம் சகோதரர் ஒருவர் மறுபேச்சில்லாமல் தந்தார். பூசை நேரம் எங்கள் எல்லோருடைய வேலையையும் சேர்த்து அவரே கவுண்டரில் பார்த்தார். ஒற்றுமை என்று நினைத்துப் பூரித்தேன்.

அன்று வயதான உம்மா ஒருவர் ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தோடு வந்திருந்தார். வாசலில் கோலம், பக்கத்தில் எங்கள் செருப்புக் குவியல். தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று கேட்டார்: "மகள், இண்டைக்குக் கந்தோர் இல்லையா?"

கந்தோர் இருந்தது. கையெழுத்து வைக்கிற ஐயாதான் தீபாராதனையில் நின்றார். உம்மா முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார்.

என் நெற்றித் திருநீறும், பக்கத்து மேசைத் தங்கச்சியின் பர்தாவும் எங்கள் சொந்த விசயம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. (2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு பர்தாக்காரரை இந்த ஊர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.) சுவரும் கவுண்டரும் அப்படியல்ல. அவை அந்த உம்மாவுக்கும் சொந்தம்.

அடுத்த வருசம் பூசையைப் பின்னேரம் கந்தோர் மூடிய பிறகு வைத்தோம். விரும்பியவர் எழுதட்டும் என்று பட்டியலை மேசையில் போட்டுவிட்டேன். அந்தச் சகோதரரின் பெயர் அதில் இல்லை.

பிள்ளையார் படம் மட்டும் இன்னும் கவுண்டருக்கு மேலேதான் தொங்குகிறது. கழற்றுவோம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.